விழுந்து உடைந்த சைக்கிளை மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

ஏதோ ஒரு பாகம் உடைந்தோ கழன்றோ போய்ச் சைக்கிளிலிருந்து விழுந்திருக்கிறீர்கள் என்றால், அந்தப் பாகத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தெறித்த கம்பி, கழன்ற நட்டு, பிய்ந்த ரப்பர் என்று சாலையில் கிடப்பதையும் முடிந்தவரை பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாகச் சைக்கிள் வேலையில் இறங்குபவர்கள் உடைந்ததை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஏன் உடைந்தது என்று பார்க்காமல் மாற்றினால், புதிய பாகமும் அதே காரணத்தால் போகும். அப்போது கீழே லாரி வருகிறதா, மண் மேடு இருக்கிறதா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

சைக்கிளுக்கு முன் உங்கள் உடம்பு. தலையில் அடிபட்டிருந்தால், வலி இல்லையென்றாலும் மருத்துவரைப் பாருங்கள். ஹெல்மெட் தரையில் மோதியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. உள்ளே இருக்கும் வெள்ளை நுரை ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம்.

நான் இங்கே எழுதுவது பெரும்பாலும் ராடு பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இயங்கும் பிரேக்) வைத்த கறுப்பு இரும்புச் சைக்கிளைப் பற்றி. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், லூதியானாவிலிருந்து வந்த ஹீரோ, சோனிபட்டின் அட்லஸ் என்று பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும், பல பத்தாண்டுகளாக இவற்றின் அளவுகள் அதிகம் மாறவில்லை. அட்லஸ் 2020 ஜூன் மாதம் சாகிபாபாத் ஆலையின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனாலும் அதன் சைக்கிளுக்கு ஹப்பும் (சக்கரத்தின் நடுக் குடம்) ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) இன்றும் கடையில் வாங்கலாம். தாத்தா காலத்துச் சைக்கிளை மீட்டெடுப்பது சாத்தியமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கியர் சைக்கிள்காரர்களுக்கும் அங்கங்கே சொல்கிறேன்.

காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

என் சைக்கிளில் நடந்தது இது. மேம்பால இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன். பிரேக் கட்டைகளில் ஒன்று கூட்டைவிட்டு முன்பக்கமாகப் பாய்ந்து வெளியே போனது. ஒரு பக்கம் பிடிமானம் இழந்த, கட்டைகளைத் தாங்கும் லாட வடிவக் கம்பி சரிந்து சக்கரத்தின் கம்பிகளுக்குள் புகுந்தது. சக்கரம் அந்த இடத்திலேயே நின்றது, நான் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து கூட்டைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. ரப்பர் கட்டை உட்காரும் இரும்புக் கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், மறு முனை திறந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது ரிம் தான் சுற்றும் திசையில் கட்டையை இழுக்கும். ஆகவே மூடிய முனை அந்தத் திசையில் இருக்க வேண்டும். முன்சக்கரத்தில் அது சைக்கிளின் முன்பக்கம். கொஞ்ச நாள் முன்பு ஒரு கடையில் கட்டை மாற்றியபோது கூட்டைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். லேசாகப் பிடித்தவரை எதுவும் தெரியவில்லை. இறக்கத்தில் அழுத்திப் பிடித்ததும் ரிம்மே கட்டையை வெளியே தள்ளிவிட்டது.

பின்சக்கரத்தையும் பார்த்தேன். அங்கேயும் கூடு தலைகீழாகத்தான் இருந்தது. தவறு ஒரு பாகத்தில் தெரிந்தால், அதே கை தொட்ட, அதே நாளில் வாங்கிய, அதே மழையில் நனைந்த மற்ற பாகங்களையும் சந்தேகப்பட வேண்டும். இடது பெடல் தண்டு முறிந்தால் வலதையும் மாற்றுங்கள். ஒரு பிரேக் கேபிள் அறுந்தால் மற்றதைக் கழற்றி, கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் முனையில் இழைகள் பிரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கேபிள் அறுவது பெரும்பாலும் அங்கேதான்.

உலோகம் முறிந்திருந்தால் முறிந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், முடிந்தால் பூதக்கண்ணாடியோடு. நெடுநாளாக ஊர்ந்து வந்த விரிசல் என்றால், அந்தப் பகுதி வழவழப்பாகவும் மங்கியும், சில சமயம் அலை வடிந்த மணலில் தெரிவதுபோல் வளைந்த கோடுகளோடும் இருக்கும். கடைசியாக முறிந்த பகுதி மட்டும் சொரசொரப்பாகப் பளபளக்கும். வழவழப்பான பகுதியில் துரு ஏறியிருந்தால் விரிசலுக்கு வயது அதிகம். முகம் முழுவதும் புதிதாக, சொரசொரப்பாக இருந்தால் ஒரே அடியில் முறிந்தது என்று கொள்ளலாம். அதாவது, விழுந்ததால் அது உடைந்தது, அது உடைந்ததால் நீங்கள் விழவில்லை. அப்படியானால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. தேடுங்கள்.

ஃபிரேம் தேறுமா?

எல்லாவற்றையும் கழற்றிக் குவிப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். ஃபிரேம் தேறாவிட்டால் மற்ற வேலையெல்லாம் வீண்.

முன்பக்கம் மோதிய சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டிய இடம், ஹேண்டில்பார் தண்டு நுழையும் முன்குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல் பாரும் கீழ்க் குழாயும் வந்து சேருமிடம். அந்தக் குழாய்களின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். பெயிண்ட் சுருங்கியிருக்கிறதா, மெல்லிய மேடு தட்டுப்படுகிறதா? கண்ணுக்குத் தப்புவது விரலுக்குச் சிக்கும். மேடு இருந்தால் குழாய் மடிந்திருக்கிறது. இரும்பு ஃபிரேமில் அந்தக் குழாயை வெட்டி மாற்றலாம்; ஆனால் அது தேர்ந்த வெல்டர் கை வைக்க வேண்டிய வேலை, பலருக்கும் கட்டுப்படியாகாது. அலுமினிய ஃபிரேமில் இதே மேடு இருந்தால் கதை முடிந்தது. அலுமினியத்தை வளைத்து நேராக்க முயலாதீர்கள். கார்பன் ஃபிரேம் என்றால் நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஒலி சரியாக இருந்தாலும் கார்பனை நிபுணரிடம் காட்டாமல் ஓட்டக் கூடாது.

விரிசல் சந்தேகமாக இருக்கும் இடத்துக்கு ஒரு பழைய சோதனை உண்டு. அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்து மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் திரும்பக் கசிந்து வெள்ளைத் தூளில் ஒரு கறுத்த கோட்டை வரையும். ரயில்வே பட்டறைகளில் அச்சுகளை இப்படித்தான் ஒரு காலத்தில் சோதித்தார்கள்.

அடுத்தது கோணல். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் வெட்டு ஒன்றில் நூலைக் கட்டுங்கள். நூலை முன்னே கொண்டுபோய் முன்குழாயைச் சுற்றி, மறுபக்கமாகத் திருப்பி, மற்ற வெட்டில் அதே உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு இந்த வகைச் சைக்கிள் கவலைப்படாது. புதிதாக வரும்போதே அவ்வளவு இருக்கும். அதற்கு மேல் போனால், இரும்பு ஃபிரேமாக இருந்தால், அனுபவமுள்ள கடைக்காரரிடம் கொடுத்து நிமிர்த்தலாம்.

ஃபோர்க்கைப் பற்றி எனக்குப் பிடிவாதமான ஒரு கருத்து உண்டு. பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஃபோர்க் கால்களின் மேல்பகுதி முன்குழாயின் நீட்சியாக ஒரே கோட்டில் வர வேண்டும். அது பின்னால் சாய்ந்திருந்தால் ஃபோர்க் வளைந்துவிட்டது. எந்தக் கடையிலும் பைப்பை நுழைத்து ஒரு தம் பிடித்து நிமிர்த்தித் தருவார்கள், பார்க்கவும் நேராகத்தான் இருக்கும். வேண்டாம். வளைந்து நிமிர்ந்த ஃபோர்க் முறிந்தால் எச்சரிக்கை எதுவும் தராது, நீங்கள் முகம் குப்புற விழுவீர்கள். புதிய ஃபோர்க் வாங்குங்கள். பழையதைக் கையோடு எடுத்துச் சென்று தண்டின் நீளத்தையும் மரையையும் ஒப்பிட்டு, ராடு பிரேக்கின் வழிகாட்டிக் கிளிப் பொருந்துகிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

கழற்றுதல்

கழற்றுமுன் நாலா பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ராடுகளின் வரிசையை எவராலும் நினைவில் வைத்திருக்க முடியாது. பாகங்களைக் கழுவ மண்ணெண்ணெய் கிடைக்காத ஊரில் டீசல் போதும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தைய இரவே எண்ணெய் விட்டு வையுங்கள்.

இரண்டு இடங்களில் மரை எதிர்த்திசையில் இருக்கும்: இடது பெடலிலும், பெடல் அச்சின் வலதுபக்கக் கப்பிலும் (அச்சு சுழலும் குண்டுகளைத் தாங்கும் கிண்ணம்). பெடலுக்கு நினைவில் நிற்கும் விதி, இரண்டு பக்கமும் ஸ்பேனரைச் சைக்கிளின் பின்பக்கமாகச் சுற்றினால் கழலும், முன்பக்கமாகச் சுற்றினால் இறுகும். வலதுபக்கக் கப்பைச் சேதமில்லாவிட்டால் கழற்றவே வேண்டாம். ஃபிரேமில் இருந்தபடியே துடைத்துச் சுத்தம் செய்யலாம்.

புதியவர்களை அழவைப்பது காட்டர் பின். கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் கை) பெடல் அச்சோடு பிணைக்கும் இந்தச் சிறு ஆப்பைச் சின்னச் சின்னதாகத் தட்டித் தட்டியே பலர் அதன் தலையை நசுக்கிவிடுகிறார்கள். பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். சரியான முறை இது. நட்டை மரையின் நுனி மட்டம் வரை தளர்த்துங்கள், முழுதும் கழற்றாதீர்கள். அடியை அந்த நட்டு தாங்கட்டும். கிராங்குக்கு நேர் கீழே, பின்னின் தலை நுழையும் அளவுள்ள ஓர் இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளிருக்கும் பால்ரஸ் குண்டுகளுக்குப் போய்க் கப்பில் பள்ளம் விழும். இனி கனமான சுத்தியலால் ஒரே அடி, தயங்காமல். பெரும்பாலும் வந்துவிடும். பழைய பின்னை மறுபடி போடாதீர்கள். அதையே மாதிரியாகக் கொண்டுபோய்ப் புதியது வாங்குங்கள்.

ஃபோர்க்கைக் கழற்றும்போது கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். குண்டுகள் நான்கு திசையிலும் ஓடும். எந்தக் கப்பிலிருந்து எத்தனை வந்தன என்று எழுதி, தனித்தனிக் கிண்ணங்களில் போடுங்கள்.

சக்கரம்

விபத்தில் ரிம் எட்டு வடிவில் முறுக்கிக்கொண்டுவிட்டால் அதைத் தூக்கிப் போடுங்கள். அந்த ரிம்மோடு இருந்த கம்பிகள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் சேர்த்தே மாற்றுங்கள். வளையும் கழுத்தில் எத்தனை பலவீனப்பட்டிருக்கின்றன என்பது வெளியே தெரியாது, விலையும் அதிகமில்லை. ஹப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அச்சைக் கழற்றிக் கண்ணாடிமீது உருட்டிப் பார்த்தால் வளைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். இந்த வகைச் சைக்கிளில் பொதுவாக முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. வாங்குமுன் ஹப்பின் துளைகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

டயர் வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. கறுப்புச் சைக்கிளின் 28 x 1½ டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். புதிய சைக்கிள்களில் வரும் 700சி டயரையும் சிலர் 28 இஞ்ச் என்பார்கள். அதன் விட்டம் 622. ஒன்று மற்றொன்றில் ஏறாது. 26 இஞ்சிலும் இதே கூத்து: 26 x 1⅜ என்பது 590, மலைச் சைக்கிளின் 26 x 1.95 என்பது 559. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மூன்றிலக்க எண்ணை நம்புங்கள், இஞ்சை நம்பாதீர்கள்.

கம்பி கோப்பதை முதல்முறை கடையில் கொடுத்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பெண்டு எடுப்பதை, அதாவது ரிம்மின் கோணலைச் சரிசெய்வதை, மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். சக்கரத்தை ஃபோர்க்கில் மாட்டி, ரிம்முக்கு அருகே ஒரு குச்சியைக் கட்டிவிட்டுச் சுற்றுங்கள். ரிம் இடப்பக்கம் சாயுமிடத்தில், ஹப்பின் வலப்பக்கத்திலிருந்து வரும் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, அடுத்திருக்கும் இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்று தளர்த்துங்கள். டயர் இருக்கும் பக்கத்திலிருந்து நிப்பிளை (கம்பியை ரிம்மோடு பிணைக்கும் சிறு நட்டு) பார்த்தால் கடிகாரத் திசை இறுகும் திசை. கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் போகாதீர்கள். ரிம்மின் பக்கங்களைப் பிடிக்கும் வி பிரேக் சைக்கிளில் ரிம்மின் பக்கவாட்டு ஆட்டம் முக்கியம். ராடு பிரேக்கில் கட்டை ரிம்மின் உட்புறத்தைப் பிடிப்பதால் மேலும் கீழுமான ஆட்டத்தையே முதலில் சரிசெய்யுங்கள். ரிம் வெளியே துருத்தும் இடத்தில் இருபக்கக் கம்பிகளையும் சமமாக இறுக்கி, பள்ளமான இடத்தில் சமமாகத் தளர்த்துங்கள். முடிவில் கம்பிகளைச் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பிறகு அருகருகே இருக்கும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிடித்து விடுங்கள். முறுக்கி உட்கார்ந்தவை தளர்ந்து தம் இடத்துக்கு வரும். மறுபடி ஒருமுறை பெண்டு பாருங்கள்.

சேர்த்தல்

குண்டுகளைப் பழையதும் புதியதுமாகக் கலக்காதீர்கள். ஒரு கப்புக்கு ஒரே பொட்டலத்திலிருந்து போடுங்கள். பொதுவாகப் பின் ஹப்புக்கும் பெடல் அச்சுக்கும் கால் இஞ்ச், முன் ஹப்புக்கு 3/16 இஞ்ச். ஃபோர்க்கின் கப்புக்கு மாதிரியைக் கொண்டுபோய் வாங்குவதே நல்லது. கிரீஸை நிறையப் பூசிக் குண்டுகளை அடுக்குங்கள். வட்டத்தில் ஒரு குண்டளவு இடம் காலியாக இருக்கட்டும். நெருக்கி அடைத்தால் சிக்கிக்கொள்ளும். கோனை (அச்சில் திருகிக் குண்டுகளை அழுத்தும் கூம்பு நட்டு) கையால் இறுக்கி, சிறிது தளர்த்தி, பூட்டு நட்டைப் போடுங்கள். பூட்டு நட்டு இறுகும்போது கோனையும் சற்று இறுக்கிவிடும் என்பதால் அந்தத் தளர்வு தேவை. சரியாக அமைந்த சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால், வால்வு இருக்கும் கனமான பக்கம் தானாகக் கீழே இறங்கி முன்னும் பின்னும் ஆடி நிற்கும். பக்கவாட்டில் ஆட்டினால் கடகடக்கக் கூடாது.

ஹேண்டில்பார் தண்டில் ‘இதற்கு மேல் தூக்காதே’ என்று ஒரு கோடு இருக்கும். அது முன்குழாய்க்குள் மறைந்திருக்க வேண்டும். கடற்கரை ஊர்க்காரர்கள் தண்டைக் கிரீஸ் பூசி நுழையுங்கள். இல்லாவிட்டால் உப்புக் காற்றில் துருவேறி இனி ஒருமுறை கழற்ற விடாது.

காட்டர் பின்களை நுழைக்கும்போது தட்டையான பக்கம் அச்சின் வெட்டில் படிய வேண்டும். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். கிராங்குகள் கிடையாக இருக்கும்போது ஒன்றின் நட்டு மேலே, மற்றதன் நட்டு கீழே. ஒரே திசையில் போட்டால் பெடல்கள் நேர்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது நொண்டும். தட்டையான முகம் சரியாகப் படியாவிட்டால் அரத்தால் தேய்த்துப் பொருத்துங்கள். மறுபடி முட்டுக்கொடுத்து ஒரு தட்டு, பிறகு நட்டு.

செயினை அளந்து பாருங்கள். 24 கண்ணிகள், கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னின் நடுவிலிருந்து மற்றொரு பின்னின் நடுவரை, சரியாக 12 இஞ்ச் இருக்க வேண்டும். 1/16 இஞ்ச் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். ⅛ இஞ்ச் கூடியிருந்தால் ஃப்ரீவீல் (பின்சக்கரத்தின் பற்சக்கரம்) பற்களும் தேய்ந்திருக்கும். செயினை மட்டும் மாற்றினால் வழுக்கும். செயின் பூட்டுக்கும் ஒரு மூடிய முனை, ஒரு பிளந்த முனை உண்டு. செயின் ஓடும் திசையில் மூடிய முனை போக வேண்டும். பிரேக் கூட்டுக்குச் சொன்ன அதே விதிதான்.

பிரேக்கை அவசரமில்லாத நாளில் பொருத்துங்கள். கூட்டின் திசையைச் சரிபார்த்துக் கட்டையை நுழைத்து, லாடக் கம்பியின் வழிகாட்டிக் கிளிப்புகளை ஃபோர்க்கில் இறுக்குங்கள். இந்தக் கிளிப் தளர்ந்தாலும் கம்பி சக்கரத்துக்குள் போகும். கட்டைக்கும் ரிம்முக்கும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி போதும். பிறகு சைக்கிளை முன்னே தள்ளிக்கொண்டே பிரேக்கை முழு பலத்தோடு பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் குனிந்து, கட்டை கூட்டில் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெயிண்ட் வேலையைக் கடைசிக்கு வையுங்கள். பட்டியும் பெயிண்டும் விரிசலை மறைக்கும். ஒட்டுமொத்தமாகப் பவுடர் கோட்டிங் அடித்துத் தருகிறேன் என்பார்கள். மட்கார்டில் கையால் இழுத்த தங்கக் கோடும் செயின் கவரில் எழுதிய பெயரும் அதோடு போய்விடும். துரு தெரியும் இடத்தை மட்டும் தேய்த்து, பிரைமர் அடித்துக் கறுப்புப் பூசினால் போதும் என்பது என் எண்ணம்.

ஓட்டிப் பார்த்தல்

முதல் நாள் போக்குவரத்து இல்லாத, சமதளமான இடத்தில் ஓட்டுங்கள். சைக்கிளை ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பாருங்கள். புதிதாக ஏதாவது கலகலத்தால் ஏறாமல் அதைத் தேடுங்கள். மெதுவாகப் போய் முன் பிரேக், பின் பிரேக், இரண்டும் என்று தனித்தனியே சோதியுங்கள். கையை விட்டுப் பார்க்க வேண்டாம். ஒரு பக்கம் இழுக்கிறதா என்று ஹேண்டில்பாரை லேசாகப் பிடித்தாலே தெரியும்.

முதல் சில கிலோமீட்டருக்குப் பிறகு காட்டர் நட்டுகள் நிச்சயம் தளர்ந்திருக்கும். காட்டர் பின் உள்ளே இன்னும் கொஞ்சம் இறங்குவதுதான் காரணம். இறுக்குங்கள். இறுக்காமல் ஓட்டினால் பின்னின் தட்டை முகம் சிதைந்து கிராங்க் ஆடத் தொடங்கும். ஐம்பது கிலோமீட்டர் வாக்கில் கம்பிகளைச் சுண்டிப் பார்த்து, பெண்டு பார்த்து, சக்கர நட்டுகள், ஃபோர்க்கின் பூட்டு நட்டு, பிரேக் கிளிப்புகள் எல்லாவற்றுக்கும் ஒருமுறை ஸ்பேனர் வையுங்கள். மழைக் காலத்தில் இரும்பு ரிம் நனைந்தால் எந்தக் கட்டையும் உடனே பிடிக்காது. நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்து ரிம்மில் இருக்கும் தண்ணீரை வழித்துவிட்டு, அதன் பிறகு அழுத்துங்கள்.